ரேடியோவில் கோளாறு

“எந்த ஸ்குரூவ எங்கேர்ந்து கழட்டுறேனு எனக்குக் காட்டிட்டுக் கழட்டு தம்பி.”

ஆதிநாராயணன் சொன்னதைக் கேட்டு மெக்கானிக் ஜெகதீஸ்வரன் நிமிர்ந்தான்.

“உன் ஸ்குரூவ வெச்சிக்கினு நான் இன்னா நைனா பண்ணப் போறேன்?”

“யாருக்குத் தெரியும்? இந்தக் கார வித்தவனும் உன்ன மாதிரிதான் சிரிச்சான்.”

இறால் கூடை ஏற்றுவதற்காக வாங்கிய பழைய கார். நேற்று வரை அதன் ரேடியோ ஒழுங்காகப் பேசியது. இன்று மதியத்திலிருந்து செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தாலே எண்ணெயில் கடுகு போட்டது போல் படபடவென்று பொரிந்தது. ஒரு வார்த்தைகூட முழுசாகக் காதில் விழவில்லை.

கார் நின்றது கடலை ஒட்டிய ஏரிக்கரையில். பக்கத்து மணலில் மூன்று வீட்டு இறால் காய்ந்துகொண்டிருந்தது. மடியில் தார்ப்பாயோடு காவலுக்கு உட்கார்ந்திருந்தாள் ஆதிநாராயணனின் மனைவி செல்வம்மாள்.

“மழ வரும்னு பக்கத்து வூட்டு சுரேஷு செல்லுல வந்துக்குதாம். அள்ளிடலாமாய்யா?”

“செல்லு போன வாரமும்தான் சொல்லிச்சு. ஒரு பொட்டு விழுந்துச்சா? பாதி காய்ஞ்சத அள்ளிக் குவிச்சா புழுங்கி நாறிடும். அப்புறம் மூணு வூட்டுக்காரனும் என்னைத்தான் காய வெப்பான். ரேடியோ சொல்லட்டும், அப்புறம் அள்ளு.”

“உன் வாய நம்பித்தான் மூணு வூடும் இங்க கொட்டிட்டுப் போச்சு.”

“ஊரு என் பேச்ச நம்புது. நான் நம்பறது இல்ல. அதுக்குத்தான் ரேடியோ.”

ஜெகதீஸ்வரன் ஏரியல் கம்பியைக் கழற்றினான். அடியில் உப்புக்காற்று தின்ற துரு. உப்புத்தாளால் தேய்த்து மாட்டினான். படபட. எர்த் ஒயரை மாற்றினான். படபட. செல்போன் சார்ஜரைப் பிடுங்கினான், இன்ஜினை அணைத்தான். அப்போதும் படபட.

“நகுரு, நான் பாக்கறேன். நீ மூடி மறைக்கிற” என்று ஆதிநாராயணன் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே கிடந்தன. உள்ளே ‘ணங்’ என்று ஒரு சத்தம்.

“இன்னாச்சு?” என்றாள் செல்வம்மாள்.

“ஒண்ணுமில்ல, மண்டைதான். எத்தினி புயலு பாத்தவன், ஒரு ரேடியோப் பொட்டிக்குக் கீழ மாட்டிக்கினேன்.”

“நீயே வரியா, வலை போட்டு இழுக்கட்டுமா?”

நெற்றியைத் தடவிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது ஜெகதீஸ்வரன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். “வண்டியில ஒண்ணும் இல்ல நைனா. நம்பலனா வேற ரேடியோ இருந்தா வெச்சுப் பாரு.”

நம்பாமல்தான் வீட்டுக்கு நடந்தார். மீன் பிடிக்கப் போகும்போது கொண்டுபோகும் கை ரேடியோவை எடுத்து வந்து, முன் சீட்டில் உட்கார்ந்து திருகினார். அதுவும் அதே போலப் பொரிந்தது.

ஆதிநாராயணனின் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியாடி? காரு நல்ல காரு. வித்தவன் நல்லவன். இந்தத் தம்பியும் ஸ்குரூ திருடல. அத்தினி பேரையும் சும்மா சந்தேகப்பட்டுக்கினேன், என் புத்திய செருப்பாலதான் அடிக்கணும். ஸ்டேஷன்லதான் எவனோ தூங்கறான்.”

செல்வம்மாள் கரையோரப் பனந்தோப்புக்கு மேலே வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

“ஏன்யா, நீ படகுல போறப்போ இந்த ரேடியோ இப்புடிப் படபடனு பொரிஞ்சா இன்னா பண்ணுவ?”

“இது ஒரு கேள்வியா? எங்கியோ இடி இறங்குது, மழ வந்துக்கினு கீதுனு வலைய வாரிப் போட்டுக்கினு கரைக்கு ஓடி...”

திறந்த வாயை அவர் மூடுவதற்குள், காரின் முன் கண்ணாடியில் முதல் துளி விழுந்து தெறித்தது.