கோட்டுக்கு வெளியே ஒரு வீடு

"செவ்வாய்க்கிழமை நான் கொடுத்த எல்லை தப்பு சார். கோட்டை மாத்தணும்," என்றார் சர்வேயர், சேறு காயாத செருப்போடு அதிகாரியின் மேஜை முன் நின்றபடி.

மூலையில் வரைபலகை மேல் குனிந்திருந்தவள் பேனாவை நிறுத்தினாள். வேலைக்குப் புதிது. சதுப்பு நிலத்தின் எல்லையைப் பச்சை மையில் வரைவது அவள் பொறுப்பு. புதுச் சட்டப்படி அந்தக் கோட்டுக்குள் இனி யாரும் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. ஏற்கெனவே இருக்கிற வீட்டையும் காலி செய்தாக வேண்டும்.

"எவ்வளவு தப்பு?" என்றார் அதிகாரி.

"ஒரே ஒரு வீடு சார். வெளியே விட்டுட்டேன். மத்த இடமெல்லாம் தோண்டிப் பார்த்தவன், அந்தத் தோட்டத்துல மட்டும் தோண்டலை. தெரிஞ்ச இடம்தானேன்னு இருந்துட்டேன். நேத்து தோண்டினா, முழங்கை ஆழத்துல கறுப்புச் சேறு, கோரை வேர். அதுவும் சதுப்புதான் சார்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவ்வளவு பெரிய சதுப்புக்கு ஒரு வீடு யானைப் பசிக்குச் சோளப்பொரி, அதை விட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்டார்.

சர்வேயர் அசையவில்லை. அந்த வீட்டை ஒட்டித்தான் கட்டுமானக் கம்பெனி நிலம் வாங்கிப் போட்டிருக்கிறது. அவர்களுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்று கோர்ட்டுக்குப் போவார்கள். அங்கே அடுக்குமாடி எழும்பினால் மழைத்தண்ணீர் ஊருக்குள்தான் வரும் என்றார்.

"வரைபடம் இன்னும் மேலிடத்துக்குப் போகலை. நீயும் நானும் வாயைத் திறக்கலைன்னா யாருக்குத் தெரியப் போகுது?" அதிகாரியின் குரல் தணிந்தது. "அந்தப் பிள்ளைங்களை நினைச்சுப் பாருப்பா. புது வீடு புது வீடுன்னு ஆடிக்கிட்டுக் குடி வந்துச்சுங்க."

வரைபவளுக்குக் காது சுட்டது. பிள்ளைகளாம், பாவமாம். கம்பெனிக்காரன் இவரை எங்கே எப்படிக் கவனித்தானோ! பேனாவை வேண்டுமென்றே சத்தமாக மூடினாள். இருவரும் திரும்பவில்லை.

"நினைச்சுத்தான் சார் தூக்கம் வரலை," என்றார் சர்வேயர். "ஒருத்தருக்காக வளைச்ச கோடு, அப்புறம் யாருக்கும் நிக்காது."

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு சர்வேயர் நீட்டிய திருத்தத்தில் கையெழுத்துப் போட்டார். நல்ல வேளை, இந்த ஆபீசில் சர்வேயர் ஒருத்தராவது நெஞ்சில் பயமில்லாமல் இருக்கிறார் என்று அவள் மூச்சு விட்டாள்.

சர்வேயர் கதவருகே போனதும் அதிகாரி கூப்பிட்டார்.

"என் வீட்டு மாடி சும்மாதான் கிடக்கு. வேற இடம் பார்க்கிற வரைக்கும் பொண்டாட்டி பிள்ளைங்களோட அங்கே வந்துடு. வாடகை கிடகைன்னு வாயெடுத்தே, பேச மாட்டேன்."

நாளைக் காலை முதல் வேலையாக அவள் பழைய கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, சர்வேயரின் வீட்டுக்கு அந்தப் பக்கமாகப் புதுக் கோடு போட வேண்டும்.