மூன்றாவது பங்கு

பெரியண்ணன் இரட்டைக் குழலை மேசைமேல் வைத்தார். சின்னண்ணன் பிடிக்கட்டையை மேசையின் மறுகோடியில் வைத்தார்.

இரண்டும் ஒரே துப்பாக்கிதான். அப்பாவுடையது.

அப்பா போனபிறகு வீட்டைச் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டவர்கள், இந்தத் துப்பாக்கிக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். கழற்றினால் மூன்று துண்டாக வரும், ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று எந்தப் புண்ணியவானோ தீர்ப்புச் சொன்னான். குழல் மூத்தவருக்கு. பிடி இளையவருக்கு. குழலுக்கு அடியில் மாட்டி இரண்டையும் பிரியாமல் வைத்திருக்கும் முன்கட்டை, கடைக்குட்டியான எனக்கு.

அன்றோடு அவர்களுக்குள் பேச்சு நின்றது. துப்பாக்கி யாருக்கும் உதவாமல் நாய் பெற்ற தெங்கம்பழம் ஆனது.

ஒரே ஒரு தடவை சுத்தம் செய்து மாட்டிப் பார்த்துவிடலாம் என்று போனில் அழுது, இன்றைக்கு இருவரையும் என் வீட்டுக்கு வரவழைத்திருந்தேன். அழுது காரியம் சாதிப்பது எனக்குக் கைவந்த கலை. எண்ணெய், பஞ்சு, பித்தளை பிரஷ், கிழித்த பனியன் எல்லாம் மேசையில் தயார்.

"அவரைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு," என்றார் சின்னண்ணன் என்னிடம். பெரியண்ணன் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தார்.

பெரியண்ணன் குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். உள்ளே இரண்டு குழலும் கண்ணாடியாய் மின்னின. சின்னண்ணன் பிடியைச் சுற்றியிருந்த துணியை விலக்கினார். மரத்தில் முகம் பார்க்கலாம். ஒருவர் துண்டை மற்றவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். இருவருக்கும் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

"அப்ப மாட்டிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்," என்றார் பெரியண்ணன் சுவரைப் பார்த்து.

நான் என் பங்கை எடுத்து வைத்தேன்.

முன்கட்டையின் இரும்பெல்லாம் செங்கல் நிறத்தில் துரு. அதன் கொக்கி அசையவே இல்லை.

"என்னடி இது? அப்பா பொருளை இப்படியா வெச்சிருப்பே?"

"நல்லாக் கேளுங்கண்ணே! இவளுக்கு என்னைக்கு எதுல அக்கறை இருந்துச்சு?"

அண்ணே! எத்தனை வருஷமாயிற்று அந்த வார்த்தையைக் கேட்டு. சொன்னவருக்கே தான் சொன்னது தெரியவில்லை.

"எண்ணெயை இப்படித் தள்ளுடா. முதல்ல ஊறணும்."

"ஊறட்டும். நீங்க அவசரப்பட்டுச் சுரண்டாதீங்க."

அதன்பின் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு அளவே இல்லை. பள்ளிக்கூடத்தில் நான் தொலைத்த குடை வரைக்கும் போய்விட்டார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கினார். தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயம். அழுகிறேன் என்று நினைத்துச் சின்னண்ணன் குரலைத் தணித்தார்.

ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் தேய்த்தார். மத்தியானம் போய்ச் சாயங்காலமும் ஆனது. எழுந்து போகும் பேச்சையே காணோம்.

கடைசியில் கொக்கி அசைந்தது. பிடியில் குழலை மாட்டி, அடியில் முன்கட்டையை வைத்து இருவருமாக அழுத்தினார்கள். டக்.

சின்னப்பிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"இனிமே இது இவகிட்ட இருந்தா விளங்காதுடா. ஒரு மாசம் உன் வீடு, ஒரு மாசம் என் வீடு. நானே கொண்டுவந்து குடுக்கிறேன்," என்றார் பெரியண்ணன்.

"என் பங்கு?" என்று கேட்டு இன்னொரு திட்டு வாங்கினேன்.

இருவரும் தத்தம் துண்டை வாரம் தவறாமல் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பதை அண்ணிகள் எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். துடைக்க அழுக்கு இல்லையென்றால் இந்த வீம்புக்காரர்கள் ஐந்து நிமிஷம் உட்காரமாட்டார்கள்.

அதனால்தான் போன வாரம் முழுக்க அந்த இரும்பில் உப்புத்தண்ணீர்த் துணியைச் சுற்றி வைத்திருந்தேன், அப்பா கைபட்ட மரத்தில் ஒரு சொட்டுக்கூடப் படாமல்.