வருகிறவர்களுக்கும் சேர்த்து

அத்தை கஞ்சியை இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

போதும் என்று சொல்ல வாயெடுத்தாள் அவள். மருமகள் சொல்லி அத்தை எதைக் கேட்டிருக்கிறாள்?

கட்டிலில் அத்தையின் மகன், அவள் புருஷன் நம்பிராஜன் கண்ணைத் திறந்தபடி கிடந்தான். பைக்கிலிருந்து விழுந்தவன். மூக்கு வழியாகக் குழாய்; கஞ்சி அதில்தான் இறங்கியது. வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள் என்று மருத்துவமனையில் கைவிரித்துவிட்டார்கள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அத்தைக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியவள் அவள்தான். ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலையே மூளைக் காயம்தான். எலியின் மூளையில் கடுகிலும் சின்னதாக ஒரு காயம் செய்ய வேண்டும். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி காத்திருக்க வேண்டும். மூளைக்குள்ளேயே குடியிருக்கும் காவல் செல்கள் கைகளை நீட்டிக்கொண்டு காயத்தை நோக்கி ஊர்ந்து வரும்.

முதல் கை காயத்தின் பக்கம் திரும்பியதும், "வந்துட்டாங்க!" என்று கூடமே கத்தும். அங்கே செல்லுக்கும் மரியாதைதான். அவர்கள் வந்த பிறகுதான் இவர்கள் டீ குடிக்கப் போவார்கள்.

அந்தப் பழக்கத்தில்தான் ஐசியூ வாசலில் அழுதுகொண்டிருந்த அத்தையிடம் உளறிவிட்டாள். அவரு தலைக்குள்ள அவங்க வந்துக்கிட்டு இருப்பாங்க, அத்தை.

பாதிக் கதை. மீதியைச் சொல்ல அன்றும் தைரியம் வரவில்லை, இன்றும் வரவில்லை.

அத்தை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தலையணையை யாரும் அசைக்கக் கூடாது. வருகிறவர்களுக்கு வழி தவறிவிடுமாம்.

கேபிள்காரர், ஓட்டுக் கேட்க வந்தவர்கள், ஒருவரையும் வெறும் வயிற்றோடு அனுப்பாத மனுஷி. இவர்களை மட்டும் விடுவாளா?

"எம்புட்டுத் தூரத்துல இருந்து வாராவளோ. அவியளுக்கும் பசிக்கும்லா?"

இப்படி நம்பத் தெரிந்த அத்தைமேல் மருமகளுக்குப் பொறாமையாக இருந்தது.

அவர்கள் எப்போதோ வந்துவிட்டார்கள்.

என்ன சாப்பிடுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். முதலில் செத்துப்போன செல்களை. சின்னக் காயமென்றால் அதோடு அடங்கிவிடுவார்கள். இது சின்னக் காயமில்லை. இனி உயிரோடு இருப்பதிலும் கை வைப்பார்கள். அம்மாவின் முகம் எந்த மூலையில் இருந்ததோ. பெண்டாட்டியின் பெயர் எந்த மூலையில் இருந்ததோ.

நம்பிராஜனின் கண்கள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. இமைத்தன. மறுபடியும் விட்டத்தையே பார்த்தன.

அத்தை பாத்திரத்தை மூடப் போனாள்.

மருமகள் குழாயைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

"இன்னொரு கரண்டி ஊத்துங்க, அத்தை."