றெஸ்கியூ ஒன்று, றிக்கவர் இரண்டு

பதுர்தீன் மாமா தொலைபேசியை ஹஃபீலாவின் கையில் திணித்தார். "இங்கிலீஸ்ல கதைக்கிறான் மகள். நீ கேளு."

ஏதோ ஒரு சரக்குக் கப்பலின் அதிகாரி. நடுக்கடலில் மிதந்துகொண்டிருந்த ஒரு படகைக் கண்டார்களாம். படகின் பக்கத்தில் எழுதியிருந்த தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கிறார்களாம்.

அது பதுர்தீனின் படகுதான். பள்ளிவாசல்துறையிலிருந்து மூன்று பேரோடு கடல் தொழிலுக்குப் போய், எஞ்சின் நின்று, வாடைக் காற்றில் மேற்கே இழுபட்டுக் காணாமல் போன படகு.

ஜப்பார், நிக்கொலஸ், ஸப்வான்.

ஜப்பாரின் மனைவி றம்ஸியா முற்றத்தில் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் நிக்கொலஸின் மனைவி றோசலின். ஸப்வான் ஹஃபீலாவின் தம்பி.

படகு வராத நாளிலிருந்து பெண்கள் மூவரும் பதுர்தீனின் இந்த முற்றத்தில்தான் கிடந்தார்கள். இருக்கச் சொன்னால் இருக்கமாட்டார்கள். கிணற்றடிக்கும் வேலிப் படலைக்குமாக நடப்பார்கள். தொலைபேசி அடித்தால் மூவரும் ஒன்றாகத் திரும்புவார்கள். தேத்தண்ணி ஆறிப்போய் ஈ விழுந்து கிடக்கும்.

"ஸ்பீக்கர்ல போடுங்க ராத்தா," என்றாள் றம்ஸியா.

ஹஃபீலா போட்டாள். குரல் அறுந்து அறுந்து வந்தது. பதுர்தீன் கோழிகளை விரட்டினார். எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து நாலு சொல் மட்டும் தெளிவாக வந்தது.

வன் றெஸ்கியூட். டூ றிக்கவர்ட்.

றம்ஸியாதான் முதலில் வாய் திறந்தாள். "றிக்கவர் எண்டா சுகமாகிறது. மகள் டெங்கு வந்து கிடந்தப்போ டொக்டர் இதைத்தான் சொன்னாரு. ஃபுல்லி றிக்கவர்ட் எண்டு."

"அப்ப ரெண்டு பேர் நல்ல சுகம்." றோசலின் சிலுவை போட்டுக்கொண்டாள். "மற்ற ஆள்?"

"மத்தவரக் காப்பாத்தி இரிக்கி. இன்னும் சுகமாகல்ல போல."

கற்பிட்டியில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் ஹோட்டலொன்றில் ஹஃபீலா வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். ஆங்கிலத்துக்கு அவள் பயந்ததில்லை. ஆனால் இந்தச் சொல்லை அவள் கடைசியாகக் கேட்டது ஒரு கமராப் பையைப் பற்றி. களப்பில் விழுந்த பையை ஒருவர் முக்குளித்து எடுத்து வந்தபோது மனேஜர் சொன்ன சொல் அது. றிக்கவர்ட்.

அவள் ஸ்பீக்கரை நிறுத்தினாள்.

"சரியாக் கேக்குதில்ல," என்று சொல்லிவிட்டு வேலியோரம் போனாள்.

மற்றவர்கள் நின்ற இடத்திலிருந்தே பார்த்தார்கள். அவள் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். அதையே திரும்பவும் கேட்டாள். பிறகு வேலியைப் பிடித்தபடி அங்குமிங்கும் நடந்தாள். கடைசியாக அவள் சொன்னது மட்டும் காற்றில் வந்தது.

"வன் முஸ்லிம். வன் கத்தலிக்."

திரும்பி வந்தபோது அவள் முகமெல்லாம் கண்ணீர்.

"ஆர் பிள்ளை அந்த ஒராள்?" என்று கேட்டாள் றோசலின்.

"ஸப்வான்," என்றாள் ஹஃபீலா.

றம்ஸியா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "அழாதீங்க ராத்தா. அவனும் றிக்கவர் ஆகிடுவான். நாளைக்கே ஆகிடுவான், இன்ஷா அல்லாஹ்."

"நானும் மாதாவுக்கு நேந்துகொள்ளுறன்," என்றாள் றோசலின்.

பதுர்தீன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு படலைக்கு நடந்தார். பள்ளிவாசல் மைக்கில் அறிவிக்கச் சொல்லப் போகிறாராம். ஊரே துஆ கேட்டுக்கொண்டிருக்கிறது, ஊருக்குத் தெரியவேண்டும் என்றார்.

றோசலினுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "ஆர் என்ன வேதம் எண்டு என்னத்துக்குப் பிள்ளை கேட்டவங்கள்?"

றம்ஸியாவே பதில் சொன்னாள். "சாப்பாட்டுக்கா இரிக்கும். ஹலால் பாத்துக் குடுப்பாங்க. நல்ல மனிசர்."

கப்பலில் ஸப்வான் மருத்துவ அறையில் கிடந்தான். படகிலிருந்து உயிரோடு தூக்கியது அவனை மட்டும்தான். மற்ற இருவரையும் குளிர் அறையில் வைத்திருக்கிறார்கள். கரை சேரும்வரை யாரை எந்த முறைப்படி கிடத்துவது என்றுதான் அந்த அதிகாரி கேட்டார். கேட்பதற்கு முன் மன்னிப்பும் கேட்டார்.

தம்பி உயிரோடிருக்கிறான் என்றதும் ஹஃபீலாவுக்குப் பொங்கி வந்தது சந்தோஷம். அந்தக் கண்ணீரில் பாதி அதுதான். அதைத்தான் றம்ஸியா துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, பள்ளிக்குப் போக வேணாம்," என்றாள் ஹஃபீலா.

பதுர்தீன் படலையில் நின்று திரும்பிப் பார்த்தார். அவளுடைய குரலில் அவருக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஹஃபீலா ஒரு கையால் றம்ஸியாவைப் பிடித்தாள், மறு கையால் றோசலினை. "இரிங்க ரெண்டு பேரும்."

இருவரும் மணலில் இருந்தார்கள். றம்ஸியாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை.

"அது சாப்பாட்டுக்கு இல்ல," என்றாள் ஹஃபீலா.