தண்ணி படாத சீர்

"துவைச்ச துணிய எவளாச்சும் சீர்ல வெப்பாளா?"

அம்மா போட்ட சத்தத்துல வடவள்ளி பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பாத்திருக்கும்.

சங்கதி இதுதான். சத்தியமங்கலத்துல கட்டிக் கொடுத்த என் தங்கச்சி கனிஷ்காவோட பையனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். சீரோட சேத்து, தன் கையாலயே ஒரு போர்வை தைச்சு வெக்கறேன்னு கெளம்பினா என் பொண்டாட்டி தாரணி. கலர் கலரா ஒட்டுத்துணி, உள்ளே பஞ்சு. ஈரோட்டுல சிவப்பு, மஞ்சள், வெள்ளைன்னு துணியும் எடுத்தாச்சு.

"தைக்கறதுக்கு முன்னால ஒருக்கா அலசியே ஆகணுங்க அத்தை. இல்லீன்னா சுருங்கிப் போகும், சிவப்புச் சாயம் வெள்ளையில எறங்கும். அந்தக் கொழந்தைக்கு வேற புதுத்துணி பட்டாலே உடம்பெல்லாம் தடிச்சுப் போகுது."

தாரணி பனியன் கம்பெனியில குவாலிட்டி பாக்கறவ. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். அம்மாகிட்ட அதைச் சொல்ற தைரியம்தான் எனக்கு இல்ல.

"கம்பெனிச் சட்டத்தக் கம்பெனியிலயே வெச்சுக்கோ அம்மணி. சீருன்னா கோடித்துணி. தண்ணி பட்டுதுன்னா அது பழசு. பழனாத்தா சம்பந்தி தொட்டுப் பாத்தே கண்டுபுடிச்சுருவாங்க. ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது, சொல்லிப்போட்டேன்!"

நீ யார் பக்கம்னு ரெண்டு பேரும் என்னையப் பாத்தாங்க. நான் தண்ணி கேன் வந்துருச்சான்னு பாக்கப் போயிட்டேன்.

அம்மா மதுக்கரையில ஒரு கல்யாணத்துக்குப் போன அன்னிக்கு, தாரணி துணியத் தூக்கி வாளியில போட்டுட்டா. வாசல் கேட்டுல காவல் நான்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்களேன்!"

போய்ப் பாத்தா, வாளித் தண்ணி தெளிவா இருக்குது. ஒரு பொட்டுச் சாயம் எறங்கல. அளந்து பாத்தா ஒரு நூல்கூடச் சுருங்கல.

"அந்த ஈரோட்டுக் கடைக்காரருக்குக் கோயிலே கட்டலாங்க" ன்னு தாரணி உருகிட்டா.

எங்க ஊட்டுல காயப்போட்டா மாட்டிக்குவோம். பக்கத்து ஊட்டு வரலட்சுமியக்கா மொட்டை மாடியில விரிச்சோம். துணியப் பாத்ததும் அக்கா களுக்குனு சிரிச்சாங்க. எதுக்குன்னு கேக்க நேரமில்ல. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, அம்மா வர்றதுக்குள்ள மடிச்சு வெச்சாச்சு.

அம்மா வந்ததும் தடவிப் பாத்தாங்க.

"மொடமொடன்னு இருக்குது பாரு. இப்படியே தைச்சுப்போடு."

காதுகுத்து அன்னிக்கு, கனிஷ்காவோட மாமியார் பழனாத்தா சம்பந்தி சீர்த்தட்டுல மொதல்ல எடுத்ததே அந்தப் போர்வையத்தான்.

"தண்ணி கிண்ணி படலீங்களே?"

"சத்தியமாப் படலீங்க சம்பந்தி!" ன்னாங்க அம்மா.

தாரணி என் கால மிதிச்சா.

காது வலிக்கு அழுதுட்டிருந்த பையன் போர்வையோட சிவப்பு மூலையப் புடிச்சு வாயில வெச்சுச் சப்பினான். வாய் சிவக்கல. சம்பந்திக்கு ஒரே சந்தோசம்.

"பாத்தயா கனிஷ்கா? நீயும்தான் ஒவ்வொரு துணியையும் அலசி அலசிப் போடறே. இனிமே கோடித்துணிய அப்படியே போடு. கொழந்தைக்கு அதுதான் ஆகும்!"

தாரணி மூஞ்சி செத்துப்போச்சு.

திரும்பி வர்றப்ப, புளியம்பட்டி வர்றதுக்குள்ள கார்லயே அழுதுட்டா.

"அத்தை, நான் துவைச்சுட்டனுங்க. நீங்க மதுக்கரை போன அன்னிக்கு. அது தெரியாம அவங்க அலசாத துணியாப் போட்டுவுட்டா கொழந்தை உடம்பு என்னத்துக்குங்க ஆகறது?"

அம்மா அவ பக்கம் திரும்பினாங்க.

"சாயம் போச்சா?"

"ஒரு பொட்டுகூடப் போகலீங்க."

"எப்படிப் போகும்? அதுக்கு மொத நாளே நான் ரெண்டு தண்ணி அலசி வரலட்சுமி மாடியில காயப்போட்டேனே!"

நான் வண்டிய ஓரம் கட்டிட்டேன்.

"அப்பறம் ஏனுங்கத்தை என்னை அந்தத் திட்டு திட்டினீங்க?"

"சீர் பழசுன்னு சம்பந்தி கண்டுபுடிச்சா உன்ற பேருதான கெடும்? உனக்குத் தெரியாமயே இருந்தா உன்ற மேல தப்பில்லீல்ல? அழுகாத, மொதல்ல கனிஷ்காவுக்குப் போனைப் போடு. துணிய அலசியே போடச் சொல்லு."

போனை எடுத்த கனிஷ்கா குசுகுசுன்னு பேசினா.

"மெதுவாப் பேசுங்கண்ணி. போர்வை கொடியில காயுது. உங்க கார் கேட்டத் தாண்டினதும் எங்கத்தையே ஊறப் போட்டு அலசிட்டாங்க. 'உங்கம்மாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு, நம்ம மொறைக்குன்னு தண்ணி படாமக் கொண்டாந்திருக்காங்க, பாவம், மனசு நோகும்'ங்கறாங்க."