முதுகில் ஒட்டிய டேப்

"அந்த எழுபத்து மூணாம் நம்பரை வீட்டுக்கு அனுப்புங்கடா!"

கத்தியது லோனி அல்ல. அவனுக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நரைத்த தலை அம்மாள். லோனிக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

"பாத்தியா? விவரம் தெரிஞ்ச அக்கா!" என்று நண்பன் பிரெண்ட்டின் தொடையில் தட்டினான்.

அமெரிக்கக் கால்பந்து சீசன் தொடங்குவதற்கு முன் நடக்கும் கடைசிப் பயிற்சி ஆட்டம். பெரிய ஆட்டக்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு ஓரமாக நிற்க, வேலை நிச்சயமில்லாதவர்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை ஐம்பத்து மூன்று பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கழித்துவிடுவார்கள்.

யாரைக் கழிப்பது என்று லோனியும் பிரெண்ட்டும் பார்க்கிங்கிலேயே முடிவு செய்துவிட்டார்கள். படியேறி வரும்போது வழியெல்லாம் நின்று மூச்சு வாங்கியவர்கள்தான். ஆனால் மைதானத்தில் இருப்பவன் காலை எப்படி எடுத்து வைக்க வேண்டும் என்பதில் கரை கண்டவர்கள்.

"இந்த மோல்னாரைப் பாரு," என்றான் லோனி. எழுபத்து மூன்றின் பெயர் அது. "பந்து எறியறவனைக் காப்பாத்துடான்னா, வர்றவனுக்கெல்லாம் வழிவிட்டு நிக்கிறான்."

"ஓட்டல் வாசல்ல கதவு திறந்துவிட வேண்டியவன்," என்றான் பிரெண்ட்.

முன்வரிசை அம்மாளும் அதே எழுபத்து மூன்றாம் நம்பர் சட்டைதான் போட்டிருந்தாள். முதுகில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் பட்டையாக வெள்ளை டேப்.

இந்த ஊரில் அது அதிசயமில்லை. எந்த ஆட்டக்காரனும் நிலைப்பதில்லை. சட்டையோ கொள்ளை விலை. அதனால் போனவன் பெயர் மேல் டேப்பை ஒட்டி, வந்தவன் பெயரை எழுதிக்கொள்வார்கள். லோனி முதுகிலேயே மூன்று பேர் ஒருவர் மேல் ஒருவராகப் புதைந்து கிடந்தார்கள்.

"ஏன் அக்கா, அது வேற டீமுக்கு ஓடிப்போன பழைய எழுபத்து மூணோட சட்டைதானே? அந்தத் துரோகி பேரை மூடினது ரொம்ப சரி. மேல ஒண்ணும் எழுதலியா?" என்று கேட்டான் லோனி.

"மூடினா போதும்னு தோணிச்சு தம்பி," என்றாள் திரும்பாமல்.

பிரெண்ட் விரல் மடக்கினான். "நீ என்ன திட்டினாலும் இவனைக் கழிக்க முடியாது லோனி. அந்த இடத்துக்கு இருந்த ரெண்டு பேருமே கால்ல கட்டோட கிடக்காங்க. தடுக்கிற லைன்ல வேற ஆள் ஏது?"

லோனி யோசித்தான். "அப்ப வச்சுக்கட்டும். அவங்க கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இவன் நின்னு அடி வாங்கட்டும். அப்புறம் தூக்கிப் போட்டாப் போச்சு."

"வேண்டாம்!" அம்மாள் வெடுக்கென்று திரும்பினாள். "ஒரு நாள்கூட வேண்டாம். இப்பவே அனுப்பணும்."

"அடேயப்பா! எங்களுக்கு மேல இருக்கீங்களே!" லோனி சிரித்தான். "அவனுக்கென்ன, அடி வாங்கினாலும் ஞாபகம் இருக்காது. போன வருஷம் தலையில அடிபட்டு, எதிர் டீம் பெஞ்சுல போய் உக்காந்தானே, பாத்தீங்களா?"

"தண்ணி வேற கேட்டான்!" என்றான் பிரெண்ட்.

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மாள் சிரிக்கவில்லை. மைதானத்தைப் பார்த்து மறுபடியும், "அனுப்புங்கடா அவனை!" என்று கத்தினாள். குரல் கம்மிப்போயிருந்தது.

கடைசி நிமிடங்கள். எதிர் டீமிலிருந்து மலைபோல ஒருவன் பாய்ந்து வந்தான். மோல்னார் அசையவில்லை. நெஞ்சைக் கொடுத்து நிறுத்தி, அவனை அப்படியே சாய்த்து, மேலேயே விழுந்தான். பின்னால் நின்றவன் நிதானமாகப் பந்தை எறிய, ஆட்டம் நம் பக்கம் முடிந்தது.

மோல்னார் தள்ளாடி எழுந்தான். பயிற்சியாளர் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"ஐம்பத்து மூணுல இவனுக்கு இடம் நிச்சயம்டா! நான் அப்பவே சொல்லல?" என்று எழுந்து நின்று கைதட்டினான் லோனி. எப்போது சொன்னான் என்று பிரெண்ட்டும் கேட்கவில்லை.

அம்மாள் மட்டும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள்.

"என்ன அக்கா, நம்ம டீம் ஜெயிச்சதுக்கு அழறீங்க? ஒருத்தன் மேல இவ்வளவு வெறுப்பு ஆகாது. இனிமே உங்க ஆசை நடக்காது, இந்த வருஷம் முழுக்க அவன்தான்."

அவள் முதுகில் வேர்வையில் நனைந்த டேப் ஓரம் பிரிந்து தொங்கியது. பக்கத்து ஆளின் டேப்பை ஒட்டிவிடுவது இங்கே ஒரு மரியாதை. லோனி அழுத்தப் போனான். அது கையோடு வந்துவிட்டது.

அடியில் ஓடிப்போனவன் பெயர் இல்லை. 'மோல்னார்' என்று இருந்தது.

"அக்கா... இது..."

"என் பையன்தான். நான் கெஞ்சிப் பாத்துட்டேன், கேக்கலை. அவங்களா அனுப்பினாத்தான் வீட்டுக்கு வருவான்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எதிர் டீம் பெஞ்சுல போய் உக்காந்தான்னு சிரிச்சீங்களே தம்பி, அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்னைப் பாத்து, 'நீங்க யாரு'ன்னு கேட்டான்."