தனித்தனித் தட்டு

சுகந்தியும் அவள் தம்பியும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். இருவரும் மூச்சுத் திணறித்தான் வெளியே வந்தார்கள். அவள் மட்டும் பிழைத்தாள். "அவன் மூச்சையும் நீயே இழுத்துக்கிட்ட" என்று அம்மா முப்பத்தாறு வருடங்களாகச் சொல்லி வருகிறாள். சுகந்தியின் பிறந்தநாளில் அம்மா சாப்பிடுவதில்லை.

சுகந்தி ஆய்வகத்தில் மனித நரம்பணுக்களை வளர்த்தாள். ஆண்களிடமிருந்து எடுத்த அணுக்கள் ஒரு தட்டில், பெண்களிடமிருந்து எடுத்தவை இன்னொன்றில். இரண்டிலும் அணுக்களைக் கொல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரே அளவு ஊற்றினாள். மறுநாள் ஆண் தட்டில் பாதிக்கு மேல் செத்திருந்தன. பெண் தட்டில் பெரும்பாலானவை உயிரோடிருந்தன. மூன்று முறை செய்து பார்த்தும் அது மாறவில்லை.

"ஆம்பளைக்கு வாய் மட்டுந்தான் மேடம்" என்றார் உதவியாளர் லூர்துராஜ்.

அவள் சிரிக்கவில்லை. இரண்டு தட்டுகளின் படங்களையும் அச்செடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள்.

"பாரும்மா. ரெண்டுக்கும் ஒரே வெஷந்தான். தனித்தனித் தட்டு. ஒண்ணு இன்னொண்ணுகிட்டருந்து எதையும் எடுத்துக்கல. ஆம்பள செல்லு தாங்கல, அவ்வளவுதான். நான் எதுவும் பண்ணலம்மா."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். சுருங்கிக் கிடந்த ஆண் அணுக்களின் மேல் விரலை வைத்தாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"இதுல வெஷத்த ஊத்துனது யாரு?"

"நான்தாம்மா."

அம்மா அந்தப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.